ஆடிய தலையின் படத்தை மறுபடி பார்க்கக் கோரி

அனுப்புநர்:
பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்
(ஆய்வில் கலந்துகொண்ட பதின்மூன்று வயதுச் சிறுமியின் பெரியப்பா, பாதுகாவலர்),
மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
இளையோர் மூளைப் பட ஆய்வு மையம்.

பொருள்: தலை ஆடியபோது எடுத்த படத்தை வைத்து, என் தம்பி மகளின் மூளை மெலிந்திருப்பதாக அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் மகள் என்னிடம் வளர்கிறாள். எங்கே தாளம் கேட்டாலும் குதிகாலால் தட்டுவாள். தலையும் கூடவே ஆடும். துணி துவைக்கும் இயந்திரம் ஓடினாலே போதும். கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து சண்டை போட்டிருக்கிறார். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

2. வளரும் பிள்ளைகளின் மூளை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் தங்கள் ஆய்வுக்குப் பள்ளி மூலம் அழைப்பு வந்தது. கையெழுத்திட்டு அழைத்து வந்தவன் நான்தான். அவளைப் படம் எடுக்கும் இயந்திரத்தின் குழாய்க்குள் அனுப்பிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இயந்திரம் தடதடவென்று தட்டத் தொடங்கியதும் போர்வைக்கு வெளியே அவள் கால் தட்டியது. கால் தட்டினால் தலை சும்மா இருக்காது. இயக்குபவரிடம் சொன்னேன். “லேசாத்தான் ஆடியிருக்கு ஐயா. அடுத்த பிள்ளை வெளிய காத்துக்கிட்டிருக்கு. கம்ப்யூட்டர் சரி பண்ணிக்கும்” என்றார். மறுபடி எடுக்கவில்லை.

3. சென்ற மாதம் நன்றிக் கடிதம் என்று ஓர் உறை வந்தது, அவள் பெயருக்கு. உள்ளே ஒரு வரைபடம். அவள் வயதுப் பிள்ளைகளின் கோட்டுக்கு வெகு கீழே ஒரு சிவப்புப் புள்ளி. ‘மூளையின் மேலடுக்கு சராசரியைவிட மெலிவு’ என்று ஒரு வரி. நான் கடையிலிருந்து திரும்பியபோது காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். “பெரியப்பா, இது இன்னும் தேயுமா?” என்று கேட்டாள்.

4. நூலகத்தில் உட்கார்ந்து அகராதியோடு படித்தேன். பாதிதான் புரிந்தது. தலை கொஞ்சம் ஆடினாலும், உள்ளதைவிட மேலடுக்கு மெலிந்ததாக அளவில் வருமாம். கண்ணுக்குப் படம் நன்றாகத் தெரிந்தாலும் அப்படி வரலாமாம். சிறு பிள்ளைகளும் பதற்றக்காரப் பிள்ளைகளும்தான் அதிகம் ஆடுகிறார்களாம். அப்படியானால் தாங்கள் அளந்தது மூளையையா, ஆட்டத்தையா? தங்கள் வரவேற்பறையில் கேட்டதற்கு, “பெரியவரே, நீங்க என்ன டாக்டரா? சும்மா பயப்படுறீங்க” என்றார்கள். டாக்டர் இல்லை. பயப்படுவது உண்மை. அந்தப் புள்ளி சரியாகவே இருந்துவிட்டால் என்ற பயமும் சேர்த்துத்தான். அதை அவளிடம் சொல்லவில்லை, தம்பிக்கும் எழுதவில்லை.

5. தலை ஆடியதால் அப்படி வந்திருக்கும் என்று அவளைத் தேற்றினேன். அன்றிலிருந்து அவள் ஆடுவதையே விட்டுவிட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு கட்டிலில் அசையாமல் கிடக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் தலையசைப்பதில்லை, “ம்” மட்டும்தான். துவைக்கும் இயந்திரம் ஓடினால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். நேற்று கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “பாப்பா ஊருக்குப் போயிருக்கா?” என்று விசாரித்தார்.

6. ஆகவே, விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைத் தம் கண்ணால் பார்த்து, தலை எவ்வளவு ஆடியது என்பதையும் கணக்கிட்டு, தேறுமா தேறாதா என்று எழுத்தில் தர வேண்டும். தேறாது என்றால் அறிக்கையைத் திரும்பப் பெற்று, அந்த அளவையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டும். அதற்காக அவளையே நீக்கிவிடக் கூடாது. ஆடுகிற பிள்ளைகளையெல்லாம் வெளியே தள்ளினால், சாதுவான பிள்ளைகளின் மூளையே எல்லோருக்கும் அளவுகோல் ஆகிவிடும். முன்கூட்டிப் பழக்கி, நடுவே ஓய்வு கொடுத்து மறுபடி எடுங்கள். அதன் முடிவு எதுவானாலும் முதலில் என் கைக்கு வரட்டும். தாங்கிக்கொள்கிறேன்.

7. பதில் வரும்வரை திங்கள்தோறும் தங்கள் வரவேற்பறையில் வந்து உட்காருவேன். சத்தம் போட மாட்டேன். ஆனால் எழுந்து போகவும் மாட்டேன். பதிலோடு அவளுக்கும் தனியாக ஒரு தாள் வேண்டும். இயந்திரத்துக்கு வெளியே தலையைத் தாராளமாக ஆட்டலாம் என்று அதில் எழுதுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். படம் எடுத்தவர்கள் சொல்லட்டும் என்கிறாள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சிறுமியின் பெரியப்பா

இடம்: வீடு
நாள்: மார்ச் 14