டெல்லி போய்த் திரும்பிய மனு

நெய்வேலி
12.4.65

அக்காவுக்கு பழனிவேல் எழுதறது. நான் இருக்கேன். நீயும் புள்ளைங்களும் ஒரு வேளையாவது ஒழுங்கா சாப்பிடுங்க.

மைன்ஸ்ல செம்புக் கம்பி திருடுனாருன்னு மாமாவ புடிச்சிகினு போனதுலேர்ந்து தூக்கமில்ல. ஸ்டேஷன் வாசல்ல போயி அழுவாத. ஜனாதிபதிக்கே மனு போட்டுட்டேன். பள்ளிக்கூடத்த பாதில விட்டாலும் என் இங்கிலீஷ் ஓடும். மைன்ஸ் டெல்லியோடது, குவார்ட்டர்ஸ் டெல்லியோடது, தெரு லைட்டு கூட டெல்லியோடது. போலீஸ் மட்டும் வேற யாரோடது? அவரு ஒரு வரி எழுதுனா இன்ஸ்பெக்டர் கேஸ மூட்டை கட்டிடுவாரு.

பழனி

முத்தாண்டிக்குப்பம்
20.4.65

தம்பி பழனிக்கு அக்கா தனம்.

மாமாவ கடலூர் ஜெயில்ல வெச்சிருக்காங்க. இளைச்சிட்டாரு. மனு போட்டது சரி. ஆனா கம்பி காணாமப் போன அந்த சனிக்கெழம சாயங்காலம் அவரு உன்கூட ஏரில தூண்டி போட்டுகினு இருந்தாரு. நீங்க கொண்டாந்த கெளுத்தி மீன நான்தான் ஆஞ்சேன். நான் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்றாங்க. நீ ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய் சொல்லிட்டு வரக் கூடாதா?

உன் அக்கா

நெய்வேலி
2.6.65

அக்கா,

டெல்லி பதில் வந்துச்சு. போலீசு மெட்ராஸ் சர்க்கார் வேலையாம். விசாரணைய நிறுத்துன்னு ஜனாதிபதி சொல்ல முடியாதாம். மனு மெட்ராஸ் போயி, கலெக்டர்கிட்ட போயி, கடைசில நம்ம இன்ஸ்பெக்டர் மேசைக்கே வந்துருச்சு.

கூப்பிட்டு உட்கார வெச்சாரு. "நல்லா எழுதியிருக்கப்பா. அவரே போன் பண்ணாலும் நான் விசாரிச்சுதான் ஆவணும். மச்சான் திருடலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஏரில என்கூட இருந்தாருன்றத நான் சொல்லல.

அந்த சனிக்கெழம எனக்கு ரெண்டாவது ஷிப்ட். கேட்ல என் டோக்கன என்கூட வேலை பாக்கற பாவாடைதான் போட்டான், நான் வேலைல இருக்கறாப்ல. சொன்னா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும். பர்மனென்ட் ஆவற நேரம் இது. பிரதம மந்திரிக்கு எழுதிப் பாக்கட்டுமா?

பழனி

முத்தாண்டிக்குப்பம்
6.6.65

பழனிவேலுக்கு,

யாருக்கும் எழுதாத. எனக்கும் எழுதாத. வர்ற 14-ந் தேதி திங்கக்கெழம அவர கோர்ட்டுக்கு இட்டாராங்க.

தனம்

நெய்வேலி
12.6.65

அக்கா,

எழுதாதன்ன, எழுதறேன்.

இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். பாவாடை பேர மறைக்கப் பாத்தேன். "டோக்கன் தானா நடந்து போச்சா?"ன்னாரு. அதையும் சொன்னேன். எழுதிகினாரு. கோர்ட்லயும் சொல்லணுமாம். திங்கக்கெழம வரேன்.

நேத்து கேட்ல என் டோக்கன வாங்கிகினாங்க. பாவாடையோடதும்தான். அவன் வூட்டுக்குப் போனேன். கதவத் தொறந்தான், என்னைப் பாத்துட்டு சாத்திகினான்.

மாமா வந்ததும் சொல்லி அனுப்பு. தூண்டி என்கிட்டதான் கெடக்கு. எனக்கு இனிமே ஷிப்டு எதுவும் இல்ல.

பழனி