ஈரம் காயாத விதைகள்

செவ்வாய்க் கோள், நாள் 411, காலை 9.10
முதல் பசுமைக்கூடம். வெப்பம் 24 பாகை. பீன்ஸ் நெற்றுகளை உரித்தேன்: 212 விதை. அடுத்த விண்கப்பல் வர இரண்டு ஆண்டு. பொட்டல உணவு பதினான்கு மாதத்துக்குத்தான். மீதிக் காலத்துக்கு நாங்கள் சேர்க்கும் விதைதான். நாங்கள் என்றால் இருவர்: தாவரவியலாளர் மதிவதனி, அதாவது நான், இரண்டாம் கூடத்தில் பொறியாளர் பெனிட்டா.
அவளிடம் 540.

நாள் 413, காலை 11.00
பூமியிலிருந்து: “பெனிட்டாவுக்கு நல்ல கைராசி. மதிவதனி மேடம், அவங்க எப்படிப் பண்றாங்கன்னு ஒரு தடவை போய்ப் பாருங்களேன்.”
கைராசியை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. முனைவர் பட்டம் இருக்கிறது.

நாள் 419, மாலை 4.25
பெனிட்டா: “அக்கா, வண்டு முட்டை சாக விதையை ஃப்ரீசர்ல வைக்கணும்னீங்கள்ல? நகத்தால அழுத்தினா இன்னும் லேசா பள்ளம் விழுது. வைக்கலாமா?”
வைக்கக் கூடாது. ஈரம் பனிக்கட்டியாகி முளைக்கருவைக் கிழித்துவிடும். கடித்தால் டக்கென்று உடையும்வரை காய வேண்டும்.
நான் அனுப்பிய பதில்: “உங்களுக்குத் தெரியாததா?”
அவள்: “அப்ப சரிக்கா, வச்சிடறேன். எதுக்கு இந்த ‘உங்களுக்கு’ எல்லாம்?”

நாள் 426, காலை 10.00
என் விதைகள் டக்கென்று உடைகின்றன. ஆனால் ஃப்ரீசர் அவள் கூடத்தில். இடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஜாடியை அப்படியே மூடினேன். என் விதையில் முட்டை இருக்க வாய்ப்புக் குறைவு.

நாள் 533, காலை 8.40
ஜாடியைத் திறந்தேன். ஒவ்வொரு விதையிலும் வட்டமாக ஒரு துளை. அடியில் மாவு. வண்டுகள் என் விரலில் ஏறின.
212-இல் மீதி: இல்லை.

நாள் 534, பகல் 12.15
பெனிட்டா: “விடுங்கக்கா, வண்டுக்கும் செவ்வாய்ல சோறு கிடைச்சுதே. என்னோடதுல பாதி உங்களுக்கு. நீங்க முதல்ல போடுங்க, அப்புறம்தான் நான். பூமிக்காரங்க கிடக்காங்க, கைராசி உங்களுக்குத்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே.”
270 விதை. நன்றி என்றேன். அவை ஈரத்தோடு உறைந்தவை என்பதைச் சொல்லவில்லை. எல்லாம் செத்திருக்காது. சில பிழைத்திருக்கும்.

நாள் 545, காலை 7.30
முளைப்பு: பூஜ்யம். பத்தைத் தோண்டினேன். கூழ். நாற்றம்.

நாள் 549, காலை
எல்லாவற்றையும் தோண்டிவிட்டேன். ஒன்றுகூட இல்லை.
பெனிட்டா: “உங்க தொட்டி மண்ணுலதான் ஏதோ கோளாறு. நான் நம்ம முறைப்படிதானே வச்சேன். மீதி விதையையும் எடுத்துட்டு வர்றேன். கதவைத் திறந்து வைங்க.”
இதைக் கண்டெடுப்பவருக்கு. விதையைக் கடித்துப் பாருங்கள். உடைந்தால் மட்டும் குளிரில் வையுங்கள். யாராவது கேட்டால், உடனே
கதவைத் தட்டுகிறாள்.