எதிர்ப்பக்கத்து அந்தியேட்டி

மச்சான், இன்றைக்கு மில்லிக்கனில் ஒரு பிளாசாக் கடைக்குப் பிரதி எடுக்கப் போனேன். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்த தாள்களின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கோபமும். செத்துப்போனவனோடு என்ன கோபம் என்று கேட்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் ஸ்காபரோவில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். மத்திய அரசுக் களஞ்சியமொன்றில் வேலை செய்த உன்னை, பேசும் ஆங்கிலம் யாருக்கும் விளங்கவில்லை என்று எழுதிக்கொடுத்து நிறுத்தினார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று நீ உரிமை வழக்குப் போட்டாய். போட்டது நியாயம். ஆனால் ஒரு லோயரைப் பிடியடா என்று எத்தனை தரம் கெஞ்சினேன்!

"உனக்கு விசரே? என்ர இங்கிலீஷ் விளங்கேல்லை எண்டு கலைச்சவங்கள். கோட்டிலை எனக்காக வேறை ஆள் கதைச்சால், அவங்கள் சொன்னது சரியெண்டு ஆகிடுமெல்லே?"

நீயே வாதாடப் புறப்பட்டாய். உன் மறுமொழியை எதிர்ப்பக்க லோயரிடம் கொடுக்கவேண்டிய கடைசிக் கிழமை வந்தது. அவருடைய கந்தோருக்கு நீ போன் எடுத்தால், அந்த லோயர் மனுசியின் தகப்பன் இறந்துவிட்டாராம். கொடுப்பதற்காகச் சுடச்சுட எடுத்துவந்த மறுமொழிப் பிரதிகளையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துவிட்டாய்.

"செத்தவீட்டுக்காரரிட்டை வழக்குக் கடதாசியோடை போறதோ? அந்தியேட்டி முடியட்டும்."

"அடேய், அவை வெள்ளைக்காரர்! அவைக்கு ஏதடா அந்தியேட்டி?"

"தகப்பன் செத்தால் அவைக்கு அழுகை வராதோ?"

நம் ஊர் அந்தியேட்டிக் கணக்குப்படி, இறந்து முப்பத்தோராம் நாள் கழியும்வரை நீ அசையவில்லை. தவணை கடந்துபோனது. அதையே காட்டி வழக்கைத் தள்ளச் சொன்னது எதிர்ப்பக்கம். ஏன் தாமதம் என்று நீதிபதி கேட்டார். நீ எழும்பி, துக்கம் நடந்த வீட்டுக்கு வழக்கு வம்பு கொண்டுபோவது நம்மவர் வழக்கமில்லை என்று, உன் அதே ஆங்கிலத்தில் ஆற அமரச் சொன்னாய். அந்த லோயர் மனுசி தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கள் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது" என்றார் நீதிபதி. ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்.

வெளியே வந்து என் தோளில் அடித்தாய். "விளங்கினதெண்டு சொன்னவர், கேட்டனியே!"

"வழக்குத் தோத்துப்போச்சடா, மடையா!" என்று நடுவீதியில் கத்தினேன். நீ சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேலை உனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஆனால் மச்சான், நான் பேசுவது விளங்கவில்லை என்று இங்கே யாராவது முகத்தைச் சுளித்தால், முன்னைப்போல் மன்னிப்புக் கேட்டு நான் ஒதுங்குவதில்லை. அந்த இடத்திலேயே நின்று, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்கிறேன்.