காலித் தோட்டா விழும் தூரம்

மார்ச் 4

இன்றும் அதே கதை. சுட்டுவிட்டுத் துப்பாக்கியின் தாழ்ப்பாள் மாதிரியான போல்ட்டைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே தெறிக்க வேண்டும். என்னுடையது சோம்பேறித்தனமாக உருண்டு திறப்பிலேயே கிடக்கிறது. விரலை விட்டுக் கிளறி எடுப்பதற்குள் பக்கத்து ஆள் அடுத்த குறியை முடித்துவிடுகிறார். துப்பாக்கி சுடும் கிளப்பில் ரிப்பேர் பார்ப்பவன் என் மைத்துனன். பெயருக்குத்தான்.

மார்ச் 7

கழற்றிப் பார்த்தான். தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியை மாற்றினான், உள்ளே படிந்த கரியைச் சுரண்டினான். அவன் இழுத்தால் தோட்டா, படுத்துச் சுடும் பாயைத் தாண்டிப் பறக்கிறது. நான் இழுத்தால் பழையபடிதான். கொஞ்சம் வெடுக்கென்று இழுக்க வேண்டுமாம். அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து சுடுகிறேன், எனக்குச் சொல்லித் தருகிறான்!

மார்ச் 15

அணித் தேர்வில் கோட்டை விட்டேன். நேரம் முடிந்தபோது கடைசித் தோட்டா சுடாமல் மிச்சம். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்: "வேலை தெரியாதவன்கிட்ட கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அக்கா புருஷன் ஜெயிக்கிறது உனக்குப் பொறுக்கலையா?"

அவன் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கிளப் செயலரிடமும் புகார் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 18

அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மனைவி என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மார்ச் 22

துப்பாக்கியை வெளியூர்க் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் போலித் தோட்டாவைப் போட்டு இழுத்தார். பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"இந்த மாடல்ல தோட்டாவைத் தள்ளிவிட ஸ்பிரிங் கிடையாது சார். உள்ள ஒரு நாக்கு அசையாம நிக்குது. தோட்டா அதுல எவ்வளவு வேகமா மோதுதோ அவ்வளவு தூரம் போகும். நீங்க இழுங்க."

இழுத்தேன். பாதியில் கை தளர்ந்தது. மறுபடியும் இழுத்தேன். அவர் எனக்கு நாற்காலி போட்டார்.

சில மாதங்களாகவே சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிடுகிறேன். டம்ளர் நழுவுகிறது. எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிஞ்சேதான் துப்பாக்கி மேல பழியைப் போட்டேன். அப்புறம் அவன் மேல. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா.

மார்ச் 25

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். ஆபரேஷன் செய்தாலும் பழைய பிடி வருமா என்று உறுதி சொல்லவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம்தான் விஷயம் வந்தது. துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்த அன்றே தம்பி அவளிடம் வந்து சொல்லியிருக்கிறான்: "அத்தான் கைய டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுக்கா. நான் சொன்னேன்னு சொல்லாத, கூசிப்போவாரு."

அவளும் சொல்லித்தான் பார்த்தாள். நான்தான் எரிந்து விழுந்தேன்.

வேலை போன பிறகாவது அவன் அதைச் சொல்லியிருக்கலாமே — எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பேன்?

மார்ச் 26

செயலருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். மனம் ஆறவில்லை. திட்டியது ஊரறிய, ஒப்புக்கொண்டது போனில்.

ஏப்ரல் 2

மைத்துனன் வேலைக்குத் திரும்பிவிட்டான். கிளப்புக்குப் போனேன். அவன் மேசையைச் சுற்றி, தேர்வன்று நான் கத்தியதைக் கேட்ட அதே ஆட்கள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து பக்கத்தில் வந்து, யார் காதிலும் விழாமல், "கை எப்படி இருக்கு அத்தான்?" என்றான்.

எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.