பாப்பா பூனைக்குப் போட்ட மீன்

அடுப்படியில் எனக்கும் இடம் விட்டு உட்காரும் என் நைனாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது பூனைதான். நம் சந்தில் திரியுமே, ஒரு காது கிழிந்த சாம்பல் பூனை, அது கொழுத்துவிட்டது. எலும்பும் தோலுமாய் உன் படகுக்கு அடியில் சுருண்டு கிடந்த பூனை, இப்போது வயிறு தரையைத் தொட நடக்கிறது. குட்டி போடப்போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது ஆண் பூனை நைனா. குட்டி எங்கிருந்து வரும்?

அன்று மதியம் நம் சின்னப் பாப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வாசற்படிக்குப் போனாள். குழம்பில் இருந்த காரப்பொடி மீனை ஒவ்வொன்றாய் எடுத்து, முள்ளைக் கிள்ளி எறிந்துவிட்டு, பூனைக்கு முன்னால் வைத்தாள். எங்களுக்கு நீ முள் எடுத்துக் கொடுப்பாயே, இரண்டு விரலால் கிள்ளி, அதே கிள்ளல். பூனை தின்று முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு வெறும் சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

நம் வீட்டில் இப்போது நடப்பதெல்லாம் உனக்குத் தெரியுமா? படகைச் சித்தப்பா ஓட்டுகிறார். அம்மா விடிவதற்கு முன்பே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு மந்தைவெளிக்குப் போகிறாள். விற்காமல் மிஞ்சுகிற மீன்தான் நம் குழம்பு. அரிசி ரேஷனில் வருகிறது. மற்ற எதையும் யோசித்துத்தான் வாங்குகிறோம். ஒரு தக்காளியை நான் இரண்டு வேளைக்குப் பிரித்து வைப்பேன். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைப்பேன், குழம்பு கொஞ்சம் கெட்டியாகும். நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

சரியாகச் சொன்னால், நீ எதையும் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. எல்லாரும் சிரிப்பார்கள். இனிமேல் போகமாட்டேன் என்று மூலையில் போய் உட்கார்ந்த அன்றைக்கு அம்மா கத்தினாள். நீ மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, கரண்டியை என் பக்கம் நீட்டினாய். "பேச வேணாம். இத்தக் கிண்டு." அம்மா கூடையோடு போனபிறகு நம் வீட்டில் சமையல் உன் வேலை. படகில் கற்றுக்கொண்ட சமையல். நீயும் பேசமாட்டாய், நானும் பேசமாட்டேன். குழம்பு மட்டும் பேசும்.

பாப்பா இளைத்துக்கொண்டே போனாள். அங்கன்வாடி டீச்சர் எடை பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா மிரட்டிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். ஒரு நாள் சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்து, "இது முட்டைப் பொரியல்டா கண்ணு" என்று ஊட்டினாள். இரண்டு வாய் போனது. மூன்றாவது வாயில் பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். 

"என்னால முடியலமே" என்றாள் அம்மா என்னிடம். "ஞாயித்துக்கெழம இவள இட்டுக்கினு போய் சின்னம்மா வூட்ல வுட்டுட்டு வரேன். அங்க காய் கீது, மாடு கீது. ஒடம்பு தேறட்டும்."

சின்னம்மா வீடு செய்யூருக்கும் அப்பால். பாப்பா ராத்திரியில் என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அங்கே யார் சட்டையைப் பிடிப்பாள்? இதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. 

அன்று வெயில் தாழ்ந்தபிறகு பாப்பாவைக் கரைக்கு அழைத்துப்போனேன். படகுகளுக்கு நடுவே மணலில் உட்கார்ந்தோம். கடல் அன்றைக்கு எண்ணெய் பூசினமாதிரி அசையாமல் இருந்தது. தூரத்தில் ஆற்று முகத்துவாரத்தின் உடைந்த பாலம் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தது. பாப்பாவிடம் பேச எனக்குக் கூச்சம் இல்லை.

"ஏன் பாப்பா மீன பூனைக்குப் போடுற?"

"அதுக்குப் புடிக்கும்."

"உனக்கும் புடிக்குமே. காரப்பொடின்னா எனக்குக்கூட வைக்கமாட்ட."

பாப்பா கால் விரலால் மணலைத் தோண்டினாள். "நைனா கடல்ல கீது."

ஆமாம் என்றேன். உன் சாம்பலைச் சித்தப்பா உன் படகிலேயே கொண்டுபோய்க் கரைத்தபோது பாப்பா அம்மாவின் இடுப்பில் இருந்து பார்த்தாள். நைனா எங்கே என்று கேட்டபோதெல்லாம் "கடலுக்குப் போயிருக்குது" என்றுதான் அம்மா சொன்னாள். நீ இருந்தபோதும் தினம் அதையேதான் சொல்லுவாள்.

"மீனு நைனாவ துன்னுச்சா?"

நான் அவள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டேன்.

"அந்த மீன நான் துன்னா, நைனா என் வயித்துக்குள்ள போயிடும். உள்ள போச்சின்னா நான் எப்டிப் பாப்பேன்? பூனை துன்னா, பூனை நம்ம வூட்டுக்கு வரும் போவும். நான் பாத்துக்கினே இருப்பேன்ல."

நைனா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும்? படித்தவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அவள் சொன்னது தப்பாகவே தோன்றவில்லை. அடுத்த நாள் சங்கரா மீன் ஆயும்போது, செதில் நீக்கி வயிற்றைக் கீறினேன். உள்ளே சிவப்பாக, ஈரமாக, சின்னதாக ஏதோ மினுங்கியது. கத்தியைக் கீழே வைத்தேன். கடல் முழுக்க நீ கரைந்திருக்கிறாய் என்றால், உப்பிலும் இருப்பாயா? வாசலில் காயும் வலையிலும்? காற்றில் ஈரமாய் வந்து சுவரில் உப்பாய்ப் பூக்கிறதே, அதிலும்? அப்படியானால் பாப்பா பூனையோடு நிறுத்திக்கொண்டது பெரிய விஷயம். பிறகு மீனைக் கழுவிக் குழம்பு வைத்தேன். நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைக்கமாட்டேன்.

அம்மாவிடம் சொல்ல பயமாக இருந்தது. அவள் சொன்ன வார்த்தையில் இருந்துதானே பாப்பா இதையெல்லாம் கட்டிக்கொண்டாள். ஆனாலும் சொன்னேன். அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். வாசலில் படுத்திருந்த பூனையைப் பார்த்தாள்.

"சரியாத்தான் கண்டுபுடிச்சிக்கீறா. அந்த ஆளு மாதிரியேதான் கீது. துன்னுது, தூங்குது, கேட்டா பதில் பேசமாட்டுது."

நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் அதே கூடையை மறுபடி கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

"அதுக்காக இன்னா பண்றது?" என்றாள் கடைசியில். "வூட்ல மீன விட்டா இன்னா கீது? தெனம் காய் வாங்கி ஆக்க முடியுமா? கொழந்த போயி நல்லா துன்னுட்டு வரட்டும். ஞாயித்துக்கெழம போறேன்."

சனிக்கிழமை பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மாவோடு மந்தைவெளிக்குப் போனேன். கூடைக்குப் பின்னால், குடை நிழலில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் காய்கறி விற்கிற ராணியக்காவை உனக்குத் தெரியாது. சத்தமாகப் பேசுவார். வாங்க வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பார். வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்த ஒரு அம்மாவிடம், "எல்லாத்தையும் ஒடிச்சிட்டியே, வீட்டுக்குப் போய் வெட்ற வேலை மிச்சம்" என்றார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மாவின் கூடையில் கொஞ்சம் நெத்திலியும் கானாங்கத்தையும் மிஞ்சியிருந்தன. ராணியக்காவின் சாக்கில் அடிபட்ட கத்தரிக்காய், வெடித்த தக்காளி, வாடிய முளைக்கீரை, ஓரத்தில் கருத்த பூசணிக்கீற்று. "இத்த மாட்டுக்குத்தான் கொட்டணும்" என்று முனகிக்கொண்டே அவர் பிரித்துப் போட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "எம்பசங்க மீனு மீனுன்னு உயிர வாங்குதுங்க. ஆனா எனக்கு ஆயறதுன்னாலே பேஜாரு. வூட்டுக்குப் போறதுக்கே இருட்டிடுது" என்றார்.

அந்த நேரத்தில் நான் சொல்லவேண்டும். காலையில் இருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியேதான்.

"இன்னாமே, உம்பொண்ணு எதையோ கேக்க வருது. வாய்ல கொழுக்கட்ட வெச்சிக்கினு கீதா?" என்றார் ராணியக்கா.

அம்மா திரும்பினாள். எனக்குப் பாப்பா நாளைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது தெரிந்தது. என் சட்டை நுனி இல்லாத கை தெரிந்தது.

"அக்கா" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. "மிஞ்சின காய எங்களுக்குக் குடு. மிஞ்சின மீன நான் இங்கயே ஆஞ்சி, கழுவி, உனக்குக் குடுக்கறேன். தெனம் சாயங்காலம் வரேன். எங்க பாப்பா மீன் துன்னமாட்டா. காய் இல்லன்னா அவள ஊருக்கு அனுப்பிடுவாங்க."

அவ்வளவும் ஒரே மூச்சில். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் பார்ப்பதுபோல் இருந்தது. பூக்காரர் ஒருவர்தான் பார்த்தார், அவரும் உடனே பூ கட்டப் போய்விட்டார்.

"ஆஞ்சி குடுப்பியா? தல, வாலு எல்லாம்?"

"கொடல், செதிலு எல்லாம்."

"ஐய, இத்த முன்னயே கேக்கறதுக்கு இன்னா? மாட்டுக்குக் கொட்டினு இருந்தேனே!" அவர் சாக்கையே என் பக்கம் தள்ளினார். "தோ பாரு, நெத்திலில ஒரு தல இருந்துச்சி, நாளைக்கு உனக்கு முத்தின முருங்கதான்."

அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்தேன். நெத்திலியின் தலையை நகத்தால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அதுவும் நீ செய்து நான் பார்த்தது. 

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடையாறு பாலத்தில் ஏறும்போது ஆறு முகத்துவாரம் பக்கமாக மங்கலாய் மின்னியது. ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்தது. காய் மூட்டை மடியில் கனமாக இருந்தது. பஸ் நகர்கிறதா, தண்ணீர் நகர்கிறதா என்று தெரியாத ஒரு நேரம் இருக்குமே, அதில் இருந்தோம்.

"இவ்ளோ பேசுவியா நீ?" என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "சின்னம்மாவுக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிடு" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "நீயே பேசு" என்றாள்.

வீட்டில் மீன் சட்டியை எடுக்கவில்லை. அதில் எத்தனை தேய்த்தாலும் வாசனை போகாது. சோறு வடிக்கிற சின்னப் பாத்திரத்தில், உன் மீன் குழம்பையே மீன் இல்லாமல் வைத்தேன். கத்தரிக்காயின் அடிபட்ட இடத்தை மட்டும் நீக்கி எண்ணெயில் சுருள வதக்கினேன். முழுப் பூண்டு போட்டேன். வெடித்த தக்காளி நன்றாகவே கரைந்தது. கீரைத் தண்டை நறுக்கி அதிலேயே போட்டேன். பூசணியின் தோலையும் வீணாக்கவில்லை. மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைத்துவிட்டேன். புளிக் குழம்பு நுரைத்து அடங்கும் நேரத்தில் நீ தலையைச் சாய்த்துக் கேட்பாயே, அந்தச் சத்தம் வந்தது. நானும் சாய்த்துக் கேட்டேன்.

பாப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து குழம்பில் விரலை விட்டுத் துழாவினாள்.

"இதுல மீனு கீதா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமா. நீயே பாரு."

ஒவ்வொரு துண்டாய் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கீரைத் தண்டை விளக்குக்கு நேரே தூக்கிக்கூடப் பார்த்தாள். அம்மா சுவரில் சாய்ந்து தன் தட்டைத் தொடாமல் இருந்தாள். நானும்தான். பிறகு பாப்பா ஒரு கத்தரிக்காயை வாயில் போட்டாள். மென்றாள். எங்களைப் பார்க்கவே இல்லை. சோற்றைப் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாய்ச் சாப்பிட ஆரம்பித்தாள், மூச்சு வாங்க வாங்க.

நைனா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மீன் தின்னு என்று அவளிடம் இனி யாரையும் சொல்ல விடமாட்டேன். நீ வரமாட்டாய் என்றும் நான் அவளிடம் சொல்லமாட்டேன். ஒரு நாள் அவளுக்கே தெரியும். அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு அவள் மீன் கேட்டால், முள் எடுத்துக் கொடுப்பேன். கேட்காவிட்டால் காய்தான். எதுவானாலும் அவள் இந்த வீட்டில்தான் சாப்பிடுவாள்.

"இன்னும் சோறு" என்றாள் பாப்பா. பானையைச் சாய்த்துப் பார்த்தேன், அடியில் ஒட்டியதுதான் இருந்தது. அம்மா தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். நான் எழுந்துபோய் இன்னொரு பிடி அரிசி களைந்து உலையில் போட்டேன்.

பாப்பாவின் அக்காவும்,
உன் பெரிய பொண்ணுமான
அமுலு