மங்கலாக வந்த தேனீப் படங்கள்

பூப்பாறை,
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள மகள் ஷீனாவுக்கு அம்மா அன்னமேரி எழுதுவது.

மாதா கிருபையால் நீ பெங்களூரில் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பா சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. அதனால்தான் உங்கள் ஊருக்குக் கிளம்பும் பக்கத்து வீட்டு ரிஞ்சுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஏலத்தோட்டத்தில் மருந்தடித்து மருந்தடித்து இரண்டு கையும் ஆட ஆரம்பித்துவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கினால் பாதி மடியில் கொட்டுகிறது. இனி ஸ்பிரே பைப்பைத் தொட்டால் ஆள் தப்புவது கஷ்டம் என்று நெடுங்கண்டத்து டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவர் கேட்டாரா? பிடித்த முயலுக்கு மூன்று கால். போகும் முன்னால் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டால் விஷம் ஒட்டாதாம். தோட்டத்து ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான். முதுகுக்கு நான்தான் தேய்த்துவிடுவேன். அந்த எண்ணெய்தான் விஷத்தை உள்ளே இழுக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் என் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி உன் பூச்சிப் படத்துக்கு வருகிறேன். வீட்டுப் பின்னால் வருகிற தேனீ, பொறிவண்டையெல்லாம் ஊர் ஊராய் ஜனங்கள் படம் எடுத்து எங்கள் ஆராய்ச்சிக்கு அனுப்புகிறார்கள், நீங்களும் எடுங்கப்பா என்று சொன்னாயே, அன்றிலிருந்து மனுஷனுக்கு அதே பைத்தியம். விடிந்ததும் பூசணிப் பூ முன்னால் முழங்காலில் கிடப்பார். கோயிலில்கூட நீர் இப்படி முழங்கால் போட்டதில்லையே என்று நான் கேலி செய்வேன்.

போன வாரம் நீ கேட்டாயாம், "தேனீ சும்மாதானே உக்காந்திருக்கு, ஏம்ப்பா படம் மங்கலா வருது?" என்று. போன வருஷம் ஈ பறந்து பறந்து படம் கெட்டது. இப்போது ஈ பறக்கவில்லை மகளே, அவர் கைதான் ஆடுகிறது. நீ கேட்டதிலிருந்து செங்கல்லை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்க்கிறார். அமுக்க விரலைக் கொண்டுபோனால் போனே சரிந்து விழுகிறது. நேற்று முகமெல்லாம் சிரிப்பாய் வந்து, "இன்னைக்கு ஒரு ஈகூட ஓடல அன்னமேரி, எனக்காவ நின்னு குடுக்குது" என்றார். மருந்து பட்டுச் செத்துக்கொண்டிருந்த அந்த ஈக்களை, அவர் வேலைக்குப் போனபின் நான்தான் வாரியலால் கூட்டி அள்ளினேன். அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மறுநாள் பைப்பை எடுக்க முடியாதே.

வேலையை விட்டால் தோட்டத்துக்காரர்கள் கொடுத்த இந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் தோட்ட வேலையிலிருந்து ஓய்வானபின் அவர் பெயரில்தான் வீடு நிற்கிறது. "பிள்ளகிட்ட வாயத் தொறந்தே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று என்னை மிரட்டி வைத்திருக்கிறார். வீடு போனால் போகட்டும். நான் செபமாலையம்மாள் அக்கா வீட்டு அடுப்படியில் சுருண்டுகொள்வேன். இந்த மனுஷன் போய்விட்டால் எனக்கு யாரடி இருக்கிறார்கள்? ராத்திரி ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது, ஜெபம் வரவில்லை.

என் ராசாத்தி, நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் கேட்பார். படம் மங்கல் என்று இனி ஒரு வார்த்தை சொல்லாதே. எங்கள் ஆபீசில் பூச்சிப் படம் எடுக்க ஆள் வேண்டும், நீங்கள்தான் வர வேண்டும் என்று ஏதாவது பொய்யைச் சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு போ. நம்பமாட்டார். ஆனாலும் நீ கூப்பிட்டால் கிளம்பிவிடுவார்.

வருகிற திங்கட்கிழமை மறுபடி மருந்தடி. அதற்கு முன்னே வந்துவிடு மகளே. மாதா உனக்கு வழித்துணையாய் வரட்டும்.

உன் அம்மா,
அன்னமேரி