‘என்னுதுடி’ என்றாயே, அக்கா

இன்று ஷிப்ட் முடிந்து வெளியேறும் பெண்களைக் கம்பெனி கேட்டில் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒருத்தியின் சட்டைக்குள் அகலமான வயிற்றுப் பெல்ட் கையில் தட்டுப்பட்டது. பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்வது. உன் ஞாபகம் வந்தது, அக்கா. கூடவே கோபமும் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உன்னைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

முதன்முதலில் உன்னைச் சோதித்தபோது மார்புப் பக்கம் நறநறவென்று ஏதோ இருந்தது. குட்டிக் குட்டி ஸ்குரூ என்று நினைத்தேன். செல்போன் கம்பெனியில் வேறென்ன நினைப்பது? வரிசை மொத்தமும் பார்க்க, "எடுத்து வெளிய வையிக்கா" என்றேன். ஒரு துணிப்பையை உருவி மேசையில் கொட்டினாய். கேழ்வரகு.

"இன்னாடி பாக்குற? கேன்சர்னு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. வெயிட்டுக்குக் கேவுரு. இல்லன்னா தோளு இழுக்குது."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "கம்முனு பொறுக்கிக் குடு" என்றாய். இரண்டு பேருமாகப் பொறுக்கினோம்.

அப்புறம் வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கும் சேர்த்து சீட் பிடிக்க ஆரம்பித்தாய். ஒரு நாள், அடிவயிற்றுச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து மார்பாக வைத்துத் தைக்கிறார்களாம், நாள் பூரா நடக்கும் ஆபரேஷனாம் என்றாய். "உயிர் பொழைச்சதே பெரிசு, எதுக்குக்கா இன்னொரு தபா கத்தி?" என்று கேட்டுத் தொலைத்தேன். நாலு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "இனிமே எவ தொட்டாலும் என் சதையா இருக்கணும்" என்றாய். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்த ஆபரேஷனுக்கு இரண்டு மாத லீவு கேட்டு ஹெச்.ஆரோடு நீ போட்ட சண்டை ஊருக்கே தெரியும். இடுப்புக்கு இடுப்பு தையல், அந்தப் பெல்ட், கூன் போட்ட நடை. திரும்பி வந்த அன்று வேண்டுமென்றே என் வரிசையில் நின்று, "தொட்டுப் பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது, மரத்துத்தான் கீது. ஆனா என்னுதுடி" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டு மாதம் கேட்டு வாங்கத் தெரிந்தவளுக்கு, செக்கப்புக்கு அரை நாள் கேட்கத் தெரியவில்லை! "லைன்ல ஆள் இல்லடி." "அடுத்த வாரம் பாத்துக்கலாம்." முதுகு வலிக்கிறது என்றாய், நின்று நின்று வலிக்கிறது என்று நீயே முடிவும் கட்டினாய். நான் கத்தினேன். நீ தைலம் வாங்கித் தேய்த்தாய். கடைசியில் போனபோது எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. சாவு வீட்டில் உன் நாத்தனார், வயிற்றை அறுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை அவளிடம் மூன்று முறை சொன்னேன். அவளும் உன்னைப் போலத்தான், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மார்பகப் பரிசோதனைக்குப் போனேன். ஒன்றுமில்லை என்றார்கள். வெளியே வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவுதான் அக்கா. இதற்குத்தான் உனக்கு நேரமில்லை என்றாய்.